காந்தியடிகளின் இலண்டன் அத்தியாயங்கள்: ஒரு வணிகனின் வாசிப்பு

'சத்திய சோதனை' நம்மவர் வீடுகளில் அநேகமாக இருக்கும் நூல். ரா. வேங்கடராஜுலு அவர்களின் தமிழாக்கம் மலிவு விலையில் கிடைப்பதால் பள்ளிப் பரிசாகவும் கல்யாணப் பரிசாகவும் வந்து அலமாரியில் ஏறிவிடுகிறது. ஏறியபின் இறங்குவது அபூர்வம். ஆனாலும் அதில் ஒரு செய்தி மட்டும் எல்லோருக்கும் தெரியும். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்துவிட்டு இலண்டன் போனார், சத்தியத்தைக் காப்பாற்றினார் என்பதே அது. பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பெரியவர்கள் இதை எடுத்துச் சொல்கிறோம். மும்பையில் நாற்பது ஆண்டுக்கு மேலாக ஆரணி அரிசி வியாபாரம் செய்துவரும் நான், எத்தனையோ வழியனுப்பு விருந்துகளில் இதைக் கேட்டிருக்கிறேன்.

இந்த வாசிப்பு அந்த அத்தியாயங்களைப் பாதியாக வெட்டிவிடுகிறது என்பதே என் கருத்து. சபதம் எடுத்தது ஒரு நாள் வேலை. அந்தச் சபதத்தோடு ஓர் ஊரில் எப்படிக் குடியிருப்பது, எங்கே சாப்பிடுவது, யாரோடு பேசுவது, கையில் உள்ள காசு எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் மூன்று வருட வேலை. அடிகள் இந்த மூன்று வருடத்தைத்தான் விரிவாக எழுதியிருக்கிறார். நாம் அந்த ஒரு நாளை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

அந்த ஒரு நாளிலிருந்தே தொடங்குவோம். தாயார் புத்திலிபாய் மகனை அனுப்பத் தயங்குகிறார். அப்போது வழி சொன்னவர் பேசார்ஜி சுவாமி. மோத் வணிகர் குலத்தில் பிறந்து பின்பு சமண முனிவரானவர் அவர் என்று அடிகளே எழுதுகிறார். மூன்று சபதங்களையும் அவர்தான் செய்துவைத்தார். தமிழ்ச் சமணர் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. பெருமைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் அதற்குமேல் அந்த முனிவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை. சமணத் துறவி நடந்துதான் போக வேண்டும். கப்பல் ஏறிக் கடல் கடக்க மாட்டார்.

இங்கே சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு ஒரு பெரிய தலைநகருக்குக் குடிபெயர்கிறார்கள். அவர்களுக்குத் துணையாக வருபவரும் சமணத் துறவியே. கவுந்தியடிகள் வழி முழுக்கக் கூடவே நடந்து வருகிறார். மதுரைப் புறஞ்சேரி வந்ததும் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். மாதரி செய்யும் முதல் காரியம் என்ன? கோவலன் சாவக நோன்பி, அந்த நோன்புக்கு ஏற்றபடி சமைக்க வேண்டும் என்று சொல்லி, கண்ணகிக்கு நல்ல பாத்திரங்களைத் தாமதமின்றிக் கொடுக்கச் செய்கிறாள். ஊர் மாறி வந்தவர்களுக்கு முதலில் வேண்டியது சட்டி பானை என்பது அந்த இடைச்சிக்குத் தெரிந்திருக்கிறது. கவுந்தி போன்ற வழித்துணை அடிகளுக்குக் கிடைக்கவில்லை. மாதரி போன்ற ஓர் இடமாவது கிடைத்ததா என்ற கேள்வியோடு அந்த அத்தியாயங்களைப் படித்தால், படிப்பே வேறாகிறது.

1888 செப்டம்பர் 4இல் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. அப்போது அடிகளுக்குப் பத்தொன்பது வயது முடியவில்லை. சாதிக் கூட்டம் கூடி அவரை விலக்கிவைத்தது. அவருக்கு உதவுகிறவர்களுக்கும், வழியனுப்பத் துறைமுகம் போகிறவர்களுக்கும் 1 ரூபாய் 4 அணா அபராதம் என்றது. (இப்போது சங்கமே சால்வை போர்த்தி அனுப்புகிறது. காலம் மாறித்தான் விட்டது.) செப்டம்பர் கடைசியில், கறுப்பு உடைக் கூட்டத்தின் நடுவே வெள்ளைக் கம்பளி உடையில் தனியாளாக இறங்குகிறார். மாற்றுடை எல்லாம் பெட்டியில். பெட்டியோ முகவர் கையில். மறுநாள் ஞாயிறு என்பதால் பெட்டி வராது. அன்று மாலை பார்க்க வந்த டாக்டர் பிராணஜீவன் மேத்தாவின் பட்டுத் தொப்பியை எடுத்து, உரோமத்தை எதிர்ப்பக்கமாகத் தடவிவிடுகிறார். பிறர் பொருளைத் தொடாதே, பார்த்தவுடன் கேள்வி கேட்காதே, உரக்கப் பேசாதே, எதிரே நிற்பவரை எல்லாம் 'ஐயா, ஐயா' என்று அழைக்காதே என்று அங்கேயே பாடம் நடக்கிறது. அயலூரில் வேலைக்குச் சேர்ந்த எவரும் இந்தப் பக்கத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. மும்பைக்கு வந்த முதல் வாரத்தில் நாம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதே வகைதானே!

விக்டோரியா ஓட்டல் கணக்கு 3 பவுண்டு. அதைக் கொடுத்துவிட்டும் பட்டினிதான் என்கிறார். பிறகு ரிச்மண்டில் ஒரு நண்பர் வீட்டில் தங்கல். அந்த நண்பர், எழுத்தறியாத தாய் அங்குள்ள நிலைமை தெரியாமல் வாங்கிய சபதம் சபதமே ஆகாது என்று வாதிடுகிறார். பெந்தாமின் நூலை எடுத்து வாசித்தே காட்டுகிறார். இவர் வாதத்தில் தோற்கிறார், சபதத்தை விடவில்லை. அடுத்து மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் அறை. அங்கே உப்பும் காரமும் இல்லாமல் வேகவைத்த காய், ரொட்டி, பழப்பாகு. அம்மாளின் பெண்கள் இன்னும் ஒரு துண்டு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் இவர் வயிறு நிறையும். கேட்கக் கூச்சம்.

இந்தப் பசியைத்தான் நம் மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் அதன்பின் வருவதற்குப் பொருளே இல்லை. தினம் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவகம் தேடுகிறார். (தமிழில் இதைச் 'சைவம்' என்கிறோம். ஒரு சமணன் அப்படி எழுதினால் எழுதுகிறவனுக்கே சிரிப்பு வரும். அதனால் மரக்கறி என்றே எழுதுகிறேன்.) கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று அகப்படுகிறது. வாசல் பக்கத்துக் கண்ணாடிக்குள் விற்பனைக்கு வைத்திருந்த நூல்களில் ஹென்றி சால்ட் எழுதிய மரக்கறி உணவு பற்றிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்குகிறார். இங்கிலாந்து வந்தபின் அன்றுதான் வயிறார உண்டார். அந்த நூலைப் படித்த பிறகுதான் மரக்கறியைத் தாமே விரும்பித் தேர்ந்துகொண்டதாகவும், அதுவரை சத்தியத்துக்காகவே புலாலை விட்டிருந்ததாகவும் எழுதுகிறார்.

இலண்டன் அத்தியாயங்களின் நடுத்தூண் இதுதான் என்பேன். தாயார் கொடுத்தது ஒரு மறுப்பு, 'தொடாதே' என்பது. ஃபாரிங்டன் தெரு கொடுத்தது ஒரு சோறு, ஒரு புத்தகம், பிறகு ஒரு கூட்டம். மரக்கறிச் சங்கத்தில் சேர்ந்தார், அதன் செயற்குழுவுக்கு வந்தார், 1891இல் அதன் இதழில் கட்டுரைகள் எழுதினார், பேசுவ்வாட்டர் பகுதியில் தாமே ஒரு கழகம் தொடங்கி எட்வின் ஆர்னால்டைத் துணைத் தலைவராக அழைத்தார். வாய் திறக்கக் கூசிய பையனுக்கு ஊரில் மனிதர்கள் கிடைத்தது வயிற்றின் வழியாகத்தான். மாதரி வீடு கிடைத்துவிட்டது. 'சபதம் அவரைக் காத்தது' என்பது பாதி உண்மை. சபதத்துக்கு ஒரு வீடு கிடைக்கும்வரை, அவரல்லவா பட்டினி கிடந்து அதைக் காத்தார்?

இனிப் பணக் கணக்குக்கு வருகிறேன். இது என் தொழில், ஆகையால் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சுமார் மூன்று மாதம் ஆங்கிலக் கனவான் ஆகப் பார்த்த கதையை அடிகள் தம்மைத்தாமே கேலி செய்துகொண்டு எழுதுகிறார். தொப்பிக்கு 19 ஷில்லிங். பாண்டு தெருவில் தைத்த மாலை உடைக்கு 10 பவுண்டு. நடன வகுப்புக்கு 3 பவுண்டு, பிடில் வாங்க 3 பவுண்டு, பேச்சுப் பயிற்சிக்கு ஒரு கினி. அண்ணனுக்கு எழுதித் தங்கச் சங்கிலி வேறு. பிற்பாடு ஒற்றை அறைக்கு மாறி, அடுப்பு ஒன்று வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டு, இரவு ரொட்டியும் கோகோவுமாக நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் காலம் தள்ளியதாகச் சொல்கிறார். 1 ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், 1 பவுண்டுக்கு 20 ஷில்லிங். அதைச் சாப்பாட்டுச் செலவாக வைத்துக்கொண்டு பென்சிலால் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன். தொப்பி பதினைந்து நாள் சாப்பாடு. முதல் ஓட்டல் கணக்கு நாற்பத்தெட்டு நாள் சாப்பாடு. மாலை உடை நூற்று அறுபது நாள் சாப்பாடு!

பஸ் கூலி, தபால் தலை, பத்திரிகை என்று ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் கணக்கை நேர் செய்யும் பழக்கம் இலண்டனில் வந்தது. பிற்காலத்தில் பொதுப்பணத்தைக் கையாண்டபோது அதுவே கைகொடுத்தது என்கிறார். நாள்வழி எழுதிப் பேரேட்டில் ஏற்றிப் பழகிய எவனும் இந்தப் பக்கத்தில் சற்று நின்றுதான் போவான். இரண்டு ஷில்லிங் வார வாடகை அறையில் இருந்துகொண்டு, மலிவான கோகோக் கடையில் இரண்டு பென்ஸுக்கு ரொட்டியும் கோகோவும் சாப்பிட்டுப் படித்த ஏழை மாணவனைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. தம்மைவிட வறியவனைப் பார்த்துச் செலவைக் குறைத்தவர் அடிகள். நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் மேலே உள்ளவனை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நூலாசிரியரோடு நான் ஒத்துப்போகவில்லை. இந்த அத்தியாயங்கள் 'நவஜீவன்' இதழில் 1925இல் தொடங்கிய தொடரில் வந்தவை. இடுப்புத் துணியோடு நிற்கும் ஐம்பத்தாறு வயது மகாத்மா, கழுத்துப்பட்டி கட்டிய பையனை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார். தீர்ப்பு கொஞ்சம் கடுமை. பத்துப் பவுண்டு உடை வீண் என்று சொல்லும் அவரே, உடையில் கவனம் மட்டும் இன்னும் பல வருடம் நீடித்தது என்றும் ஒப்புக்கொள்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து எழுதும்போது நினைவும் சில இடங்களில் சறுக்கும். பாரீஸ் பெருங்காட்சி 1890இல் நடந்ததாக எழுதுகிறார். அது நடந்தது 1889இல். ஈஃபெல் கோபுரம் அதற்காகவே எழுந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இது சின்ன விஷயம். மனப்பான்மையில் வரும் சறுக்கல் அதைவிடப் பெரிது.

இதைச் சரிபார்க்க இன்னொரு நூல் இருக்கிறது. நம்மில் அநேகர் கேள்விப்பட்டிராத நூல். தென்னாப்பிரிக்கா சென்ற தொடக்கத்தில், 1893-94 வாக்கில், இருபத்து நான்கு வயதுக் காந்தி 'இலண்டன் வழிகாட்டி' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். அவர் காலத்தில் அச்சேறவில்லை. பிற்பாடு அவர் எழுத்துகளின் பெருந்தொகுப்பில் முதல் தொகுதியில் சேர்ந்தது. யார் இங்கிலாந்து போகலாம், என்ன உடைகள் வேண்டும், அவை என்ன விலை, எப்படித் தங்குவது, என்ன சாப்பிடுவது என்று வரிசையாகச் சொல்லிப் போகிறார். வாரம் 1 பவுண்டில் வாழ முடியும் என்று கணக்குப் போட்டு நிறுவுகிறார். அந்தக் கணக்கு நிற்பதற்கே மரக்கறி உணவுதான் காரணம். இங்கே பச்சாதாபம் கிடையாது, பாவமன்னிப்பு கிடையாது. உடைப் பட்டியலை முழுமனதோடு எழுதுகிறார். ஏனென்றால் குளிரும் அவமானமும் அப்போது அவருக்கு மறக்கவில்லை.

இலக்கியமாகப் பார்த்தால் 'சத்திய சோதனை'க்கு முன் 'வழிகாட்டி' நிற்காது. நடை வறட்சி, பட்டியல் அதிகம். ஆனால் ஊர் விட்டு ஊர் போகிறவன் கையில் எதைக் கொடுப்பாய் என்று கேட்டால், இரண்டையும் சேர்த்துக் கொடு என்பேன். முதியவர் எழுதியது எதற்காக வாழ்ந்தேன் என்று சொல்கிறது. இளைஞர் எழுதியது எப்படி வாழ்ந்தேன் என்று சொல்கிறது. இன்றைக்கு ஒருவர் அதைப் புதுப்பித்து எழுதினால் வேறு செய்திகள் சேரும். விசாவோடு சேர்த்து மருத்துவத்துக்காகக் கட்ட வேண்டிய தொகை, 2024 பிப்ரவரி முதல் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. பல வருட விசா என்றால் அத்தனை வருடத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். வீட்டு முன்பணமாக, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே என்றால், ஐந்து வார வாடகைக்குமேல் கேட்கக் கூடாது என்று 2019 முதல் சட்டம் இருக்கிறது. ஒருவர் மட்டும் குடியிருந்தால் நகராட்சி வரியில் நாலில் ஒரு பங்கு தள்ளுபடி. இப்படிப்பட்ட விவரங்களை எழுதி வைப்பது மகாத்மாவுக்கே தாழ்வாகப் படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சபதத்தின் பொருளை யார் தீர்மானிப்பது? நூலில் எனக்கு மிகப் பிடித்த தருக்கம் இதுதான். மாமிசம் என்பதற்கு மூன்று வரையறைகள் அங்கே புழங்கின. பறவையும் விலங்கும் மட்டுமே மாமிசம், மீன் சேராது என்பது ஒன்று. உயிருள்ள அனைத்தும் மாமிசம், முட்டை சேராது என்பது ஒன்று. முட்டையும் பாலும் உட்பட என்பது ஒன்று. முதல் வரையறையை எடுத்துக்கொண்டால் மீன் சாப்பிடலாம், சட்டப்படி தப்பில்லை. அடிகளோ, சபதம் வாங்கியவர் என்ன பொருளில் வாங்கினாரோ அதுவே பொருள் என்று முடிவுகட்டுகிறார். தாயாருக்கு முட்டையும் மாமிசம்தான். ஆகவே மரக்கறி உணவகத்தில்கூடப் பணியாளரைக் கூப்பிட்டு, இந்தப் பலகாரத்தில் முட்டை உண்டா என்று விசாரிக்க வேண்டியதாயிற்று. இன்றும் அங்கே மரக்கறி முத்திரை போட்ட பொருளில் முட்டை இருக்கலாம் என்பதை அனுபவப்பட்டவர்கள் சொல்வார்கள்.

இந்தத் தருக்கம் எங்கள் வீட்டிலேயே சோதனைக்கு வந்தது. என் அக்கா மகள் 2023இல் கணவரோடு இலண்டன் போனாள். கணினி வேலை கணவருக்கு. இவள் துணைவி விசாவில் போய்ப் பிறகு தானும் வேலையில் சேர்ந்தாள். போகும்போது அக்கா இரண்டு வாக்குறுதி வாங்கினாள். முட்டை சேர்ந்ததைத் தொடக் கூடாது, பொழுது சாய்ந்தபின் உண்ணக் கூடாது. முதல் குளிர்காலத்தில் போன் வந்தது. "மாமா, இங்க டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே இருட்டிடுது. ஆபீஸ் விடறதே அஞ்சரைக்கு. ஜூன்ல பார்த்தா ராத்திரி ஒம்பது மணிக்கும் வெளிச்சம் இருக்காம். அம்மா சொன்ன பொழுது எந்தப் பொழுது?" என்றாள். நான் காந்தியடிகளின் தருக்கத்தை எடுத்துச் சொன்னேன். "அப்ப அம்மாகிட்டயே கேட்டுடறேன்" என்று அவள் வைத்துவிட்டாள். அக்கா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. பிறகு, "அட்டமி, சதுர்த்தசி மட்டும் விடாதே. அன்னிக்கு மூணு மணிக்கே சாப்பிட்டுடு. மத்த நாள் உடம்பைப் பார்த்துக்கோ" என்றாளாம். கப்பல் தபால் காலத்தில் புத்திலிபாயிடம் இப்படிக் கேட்டுப் பதில் வாங்க வாரக்கணக்கில் ஆகியிருக்கும். அடிகள் தாயின் மனத்தைத் தாமே ஊகித்து, கடினமான பக்கமாகவே முடிவு செய்தார். இப்போது சபதம் வாங்கியவர் தினம் சாயங்காலம் போனில் இருக்கிறார். சபதமும் இருவரும் சேர்ந்து பேசும் பேச்சாகிவிடுகிறது. இது நல்லதா கெட்டதா என்று எங்கள் உறவில் இன்னும் வழக்கு தீரவில்லை.

மருமகள் நூலைப் படித்துவிட்டுச் சொன்ன ஒரு குறை நியாயமானது. "கஸ்தூரிபா எங்க மாமா?" அடிகள் கப்பல் ஏறும்போது மூத்த மகன் ஹரிலால் சில மாதக் குழந்தை. பயணச் செலவுக்கு மனைவியின் நகையை விற்கும் யோசனை வருகிறது. கடைசியில் அண்ணன் பணத்துக்கு வழி செய்கிறார். அதற்குப் பிறகு இலண்டன் பக்கங்களில் கஸ்தூரிபா ஏறக்குறையக் காணாமலே போகிறார். தம்மை மணமாகாதவர் போல் காட்டிக்கொண்டதும், பிரைட்டனில் அறிமுகமான ஒரு மூதாட்டிக்குக் கடிதம் எழுதி உண்மையை ஒப்புக்கொண்டதும் வருகின்றன. அங்கும் பேச்சு அவருடைய பொய்யைப் பற்றித்தான், ராஜ்கோட்டில் கைக்குழந்தையோடு இருந்தவரைப் பற்றி அல்ல. குடும்பமாகக் குடிபெயர்கிற இன்றைய வாசகருக்கு இது பெரிய இடைவெளி.

அந்த இடைவெளியை ஓரளவு ஈடு செய்யும் பாத்திரம் நாராயண் ஹேமசந்திரர். குஜராத்தி எழுத்தாளர். ஆங்கிலம் சரியாக வராது, உடையைப் பற்றிக் கவலை கிடையாது. கார்டினல் மானிங்கைப் பார்க்கப் போகிறபோதும் தம் பழைய கோலத்திலேயே போகிறார். ஒரு நாள் வேட்டி சட்டையோடு அடிகளின் அறைக்கு வந்து நிற்க, கதவு திறந்த வீட்டார் மிரண்டு போகிறார்கள். பயறு இல்லாமல் இவருக்குச் சாப்பாடு இறங்காது. எங்கிருந்தோ பாசிப்பயறு தேடிப் பிடித்துச் சமைத்து, அடிகளுக்கும் கொண்டுவந்து தருகிறார். அடிகளும் ஆசையாய்ச் சாப்பிடுகிறார். மாறிப் பார்த்துத் திரும்பியவர் ஒருவர், மாறவே தோன்றாதவர் ஒருவர். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் சரி என்று சொல்லாமலே நகர்கிறார் நூலாசிரியர். தம்மைப் பற்றி எழுதும்போது விடாத தீர்ப்பை நண்பரிடம் விட்டுவிடுகிறார். இலண்டன் பகுதியிலேயே எழுத்து மிக இயல்பாக ஓடும் இடம் இதுதான்.

1891 ஜூன் 10இல் வழக்கறிஞராகிறார். 11இல் பெயர் பதிவு, 12இல் கப்பல். பம்பாயில் இறங்கியதும் அண்ணன் ஒரு செய்தி சொல்கிறார். அவர் இலண்டனில் இருக்கும்போதே தாயார் காலமாகிவிட்டார். அயலூரில் தனியாக இருப்பவனுக்குத் தெரிய வேண்டாமென்று அண்ணன் மறைத்து வைத்திருந்தார். மூன்று சபதத்தையும் காத்து வந்தேன் என்று சொல்வதற்கு ஆள் இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு வழக்கம்போல் நடமாடியதாகச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். பம்பாயில் அவர் தங்கியது டாக்டர் மேத்தாவின் வீட்டில், தொப்பியைத் தடவக் கூடாது என்று பாடம் சொன்ன அதே மேத்தா. அவருடைய அண்ணனின் மருமகனாக அந்த வீட்டில் இருந்த இளைஞர் ஒருவரை அன்று அறிமுகப்படுத்துகிறார்கள். வைர வியாபாரி, சமணர், கவி, பெயர் ராஜசந்திரர்.